பிராந்திய ராணுவ வீரர்களின் பதக்கங்களும் பாராட்டுகளும்: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்கு அருகே ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இருப்பதாலும், கன்டோன்மென்ட் பகுதியே ராணுவத்தைச் சுற்றி வளர்ந்ததாலும், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் போன்ற இடங்களில் ஒரு ராணுவ வீரரையாவது தராத பழைய தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. நிரந்தரப் படையில் பணியாற்றியவர்களின் பதக்கங்கள் பெரும்பாலும் கூடத்துச் சுவரில் தொங்குகின்றன. தொழிற்சாலையிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்துக்கொண்டே பிராந்திய ராணுவத்திலும் சேவை செய்தவர்களின் பதக்கங்களோ அலமாரியின் அடித்தட்டில், எதற்காகக் கிடைத்தவை என்று வீட்டில் எவருக்கும் தெரியாமல் கிடக்கின்றன. அவை இரண்டாந்தரமானவை என்ற எண்ணமே இந்த அலட்சியத்துக்குக் காரணம். அந்த எண்ணம் சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. அந்தக் குடும்பங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன.

ரிசர்வ் வீரர் என்பவரும் பிராந்திய ராணுவ வீரரும் ஒருவர்தாமா?

பேச்சுவழக்கில் இருவரையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஆனால் உரிமை கோரும்போது இந்த வேறுபாடு முக்கியமானது. நிரந்தரப் படையில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படலாம் என்ற நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ரிசர்விஸ்ட். 1888-ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் படைகள் சட்டம் அவருக்குப் பொருந்தும். அவருடைய பதக்கங்களில் பெரும்பாலானவை நிரந்தரப் பணிக்காலத்தில் பெற்றவையாகவே இருக்கும்.

பிராந்திய ராணுவ வீரர் அப்படியல்ல. வீடுகளில் டெரிடோரியல் ஆர்மி என்றோ, சுருக்கமாக டிஏ என்றோ சொல்லப்படும் இந்தப் படை 1948-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி 1949 அக்டோபர் 9 அன்று இதை முறைப்படி தொடங்கி வைத்தார். இன்றும் அக்டோபர் 9 பிராந்திய ராணுவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. இதில் சேர்பவர் தம் சொந்தத் தொழிலை விடாமல் ஆண்டுதோறும் பயிற்சி பெறுவார். நாடு அழைக்கும்போது சீருடை அணிந்து முழுநேர வீரராக மாறுவார். அப்படி அழைக்கப்பட்டுப் பணியாற்றும் காலத்தை எம்பாடிமென்ட் என்பார்கள். இந்தப் பக்கத்தின் பல பதில்கள் அந்த ஒரு சொல்லையே சார்ந்திருப்பதால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதி நேர வீரருக்கு உயர்ந்த வீர விருதுகள் கிடைக்குமா?

கிடைக்கும். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்று விருதுகளும் 1950 ஜனவரி 26 அன்று, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் வகையில் ஏற்படுத்தப்பட்டன. முப்படையினருக்கு மட்டுமின்றி, ரிசர்வ் படையினருக்கும் பிராந்திய ராணுவத்தினருக்கும் இவற்றைப் பெறும் தகுதி உண்டு என்று பரம் வீர் சக்ராவின் விதிகளிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. எதிரியை நேருக்கு நேர் சந்திக்கும் போர்ச் சூழலுக்கு இவை மூன்றும், அதற்கு வெளியே காட்டப்படும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகிய மூன்றும் உரியவை. பின்னவை 1952-இல் அசோக சக்ராவின் மூன்று வகுப்புகளாகத் தொடங்கி, 1967-இல் இன்றைய பெயர்களைப் பெற்றன.

எழுத்தில் இருப்பது நடைமுறையிலும் உண்டா என்று கேட்பவர்கள் லான்ஸ் நாயக் நசீர் அகமது வானியின் பணிவரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காஷ்மீரின் குல்காம் மாவட்டத்தைச் சேர்ந்த அவர் 2004-இல் ஜம்மு காஷ்மீர் லைட் இன்ஃபன்ட்ரியோடு இணைந்த 162-ஆவது பிராந்திய ராணுவப் பட்டாலியனில் சேர்ந்தார். காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் ஈடுபடும் ராணுவப் பிரிவான 34 ராஷ்ட்ரிய ரைபிள்ஸோடு களத்தில் இருந்தார். 2007-இலும் 2018-இலும் சேனா பதக்கம் பெற்றார். 2018 நவம்பர் 25 அன்று ஷோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிர் நீத்தார். அமைதிக் கால விருதுகளில் முதலிடத்தில் இருக்கும் அசோக சக்ரா, 2019 குடியரசு நாளன்று டெல்லியில் குடியரசுத் தலைவரின் கையால் அவருடைய மனைவியிடம் வழங்கப்பட்டது. அதே அசோக சக்ராவை 2014-இல் ஷோபியானில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனும் பெற்றார் என்பது தமிழர்கள் அனைவருக்கும் தெரியும். ஒருவர் நிரந்தரப் படை அதிகாரி, மற்றவர் பிராந்திய ராணுவச் சிப்பாயாகத் தொடங்கியவர். விருது இருவருக்கும் ஒன்றே. அதில் சின்னது பெரியது என்ற பாகுபாடு கிடையாது.

அப்பாவின் பெட்டியில் சில பதக்கங்கள் இருக்கின்றன. அவை எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். இந்தியப் பணிப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதும். விளிம்பில் இருக்கும் எண்ணும், படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தரப்பட்ட பணிவிடுப்புப் புத்தகத்தில் (டிஸ்சார்ஜ் புக்) இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. விளிம்பு வழவழப்பாக இருந்தால், அது கன்டோன்மென்ட் தையற்கடைகளில் விற்கப்படும் நகலாக இருக்கலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அரசின் அசல் பதக்கம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆனதால், அணிவகுப்புக்காக வீரர்கள் தம் சொந்தப் பணத்தில் நகல் வாங்கி அணிந்தது மிகச் சாதாரணம். நகல் இருக்கிறது என்றால், அசல் இன்னும் வழங்கப்படாமலே இருக்கக்கூடும் என்று பொருள்.

அடுத்து முகப்பையும் ரிப்பனையும் பாருங்கள். எழுத்துகள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ரிப்பன் நிறங்களும் வழிகாட்டும். பரம் வீர் சக்ராவுக்குத் தனி ஊதா, மகா வீர் சக்ராவுக்குப் பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு, வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம் பாதி காவி. அசோக சக்ரா வரிசை மூன்றுக்கும் பச்சை ரிப்பன்தான். நடுவே ஒரு காவிக் கோடு இருந்தால் அசோக சக்ரா, இரண்டு இருந்தால் கீர்த்தி சக்ரா, மூன்று இருந்தால் சௌர்ய சக்ரா. ஆயினும் பழைய ரிப்பன் வெளுத்துப் போயிருக்கும், அல்லது வேறு ரிப்பன் மாற்றித் தைக்கப்பட்டிருக்கும் என்பதால் ரிப்பனை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

வீடுகளில் அதிகம் காணப்படுபவை வீர விருதுகள் அல்ல, பணிப் பதக்கங்களே. 1965 போர்க் காலத்தவர் வீட்டில் ரக்ஷா பதக்கமும், களத்தில் இருந்தவராயின் சமர் சேவா நட்சத்திரமும் இருக்கலாம். 1971-ஐச் சேர்ந்தவர்களிடம் சங்கிராம் பதக்கமும், கிழக்கு முனைக்குப் பூர்வி நட்சத்திரமும், மேற்கு முனைக்குப் பஸ்சிமி நட்சத்திரமும் காணப்படும். 1999 கார்கில் காலத்துக்கு ஆபரேஷன் விஜய் பதக்கமும் நட்சத்திரமும், 2001-02 எல்லைப் படைக் குவிப்புக்கு ஆபரேஷன் பராக்ரம் பதக்கமும் உண்டு. சைன்ய சேவா பதக்கத்தின் ரிப்பன் மீது சிறு உலோகப் பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருந்தால், அதில் உள்ள பெயர் அவர் எந்தப் பகுதியில் பணியாற்றினார் என்பதைச் சொல்லிவிடும். இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையினருக்குச் சிறப்புப் பணிப் பதக்கம் வழங்கப்பட்டது. 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கும், 1997-இல் பொன் விழாவுக்கும் வெளியிடப்பட்ட ஆண்டு விழாப் பதக்கங்களும் பல வீடுகளில் உள்ளன.

பிராந்திய ராணுவத்துக்கென்றே தனிப் பதக்கம் உண்டா?

இரண்டு உண்டு. அதிகாரிகளுக்கு, 20 ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றியதற்காக வழங்கப்படுவது டெரிடோரியல் ஆர்மி டெக்கரேஷன். ஜூனியர் கமிஷன் அதிகாரிகளுக்கும் மற்றப் பதவியினருக்கும் 12 ஆண்டுப் பணிக்காக வழங்கப்படுவது டெரிடோரியல் ஆர்மி மெடல். பணிக்காலம் நிறைந்தால் தானாகக் கிடைத்துவிடுபவை அல்ல இவை. ஆண்டுப் பயிற்சிகளைத் தவறாமல் முடித்ததும், நல்லொழுக்கமும், கட்டளை அதிகாரியின் பரிந்துரையும் வேண்டும்.

அணியும் வரிசையில் இவை வீர விருதுகளுக்கும் போர்ப் பதக்கங்களுக்கும் வெகு பின்னாலேதான் வரும். என் மதிப்பில் இவற்றின் பெருமை வரிசையைப் பொறுத்ததல்ல. வார நாட்களில் ஆலையில் ஷிப்ட் பார்த்து, விடுமுறையையும் குடும்ப விசேஷங்களையும் விட்டுக்கொடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பயிற்சி முகாமுக்குத் தவறாமல் போன ஒருவரின் உழைப்புக்கு இந்தப் பதக்கம்தான் சான்று. இதைப் பார்த்து “சண்டைக்குப் போனதற்கான மெடல் இல்லையே” என்று சொல்லும் பிள்ளைகளைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. பிராந்திய ராணுவத்தின் முழுக் கட்டமைப்பும் அந்த ஒழுங்கான வருகையை நம்பியே நிற்கிறது.

தாத்தாவின் பதக்கத்தில் பிரிட்டிஷ் மன்னரின் தலை இருக்கிறது. அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததா?

இருக்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1920 முதல் இந்தியப் பிராந்தியப் படையும், ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் துணைப்படையும் இருந்தன. 1930 முதல் இவற்றின் மற்றப் பதவியினருக்கு 12 ஆண்டுப் பணிக்கு எஃபிஷியன்சி மெடலும், அதிகாரிகளுக்கு 20 ஆண்டுப் பணிக்கு எஃபிஷியன்சி டெக்கரேஷனும் வழங்கப்பட்டன. போர்க் காலப் பணி இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டது. 12, 20 என்ற எண்கள் இன்றைய பதக்கங்களுக்கு அங்கிருந்தே வந்தன. மன்னரின் தலை உள்ள பதக்கம் பர்மா நட்சத்திரம், இந்தியப் பணிப் பதக்கம், போர்ப் பதக்கம் ஆகியவற்றோடு சேர்ந்திருந்தால், தாத்தா இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர் என்று கொள்ளலாம்.

பயிற்சி முகாமுக்குப் போன நாட்களுக்கும் பணிப் பதக்கம் உண்டா?

பொதுவாக இல்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்தில், எம்பாடிமென்ட் நிலையில் பணியாற்றியிருக்க வேண்டும் என்பதே பணிப் பதக்கங்களின் அடிப்படை. பெங்களூரில் நடந்த ஆண்டுப் பயிற்சி நீண்ட காலப் பணிக்கான பதக்கத்துக்கு உதவும், போர்க்களப் பதக்கத்துக்கு உதவாது. அதே வீரர் தம் பட்டாலியனோடு காஷ்மீருக்கோ வடகிழக்குக்கோ அனுப்பப்பட்டிருந்தால், அங்கு நிரந்தரப் படையினருக்குப் பொருந்தும் அதே அளவுகோல் அவருக்கும் பொருந்தும். 1962, 1965, 1971 போர்களிலும், இலங்கையிலும், பின்னர் காஷ்மீரிலும் பிராந்திய ராணுவப் பிரிவுகள் பணியாற்றியுள்ளன. ஆகவே, “டிஏ-காரர் எங்கே எல்லைக்குப் போயிருக்கப் போகிறார்” என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அவருடைய ஆவணங்களில் இருக்கும்.

பாராட்டு அட்டை என்பது பதக்கமா?

பதக்கம் அல்ல, ஆனால் அதிகாரப்பூர்வமான அங்கீகாரம். ராணுவத் தளபதி, துணைத் தளபதி, கமாண்ட் தலைமைத் தளபதி ஆகியோர் வழங்கும் கமெண்டேஷன் கார்டுகள் வீரருக்கோ அதிகாரிக்கோ ஒரு குறிப்பிட்ட செயலுக்காகவோ, தொடர்ந்த நற்பணிக்காகவோ கிடைப்பவை. அட்டையுடன் சீருடையில் அணிவதற்கான சின்னமும் வழங்கப்படும். பணம் எதுவும் வராது.

ஆனால் இந்த அட்டைகளைச் சாதாரணமான சான்றிதழ் என்று எண்ணிப் பழைய பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுவது பெரிய இழப்பு. பல பிராந்திய ராணுவ வீரர்களின் பணி வாழ்வில், அவர் என்ன செய்தார் என்று ஒரு வரியாவது எழுத்தில் சொல்லும் ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். பதக்கம் தேதியையும் பகுதியையும் சொல்லும். அட்டை மனிதரைச் சொல்லும். வெள்ள மீட்பு, ரயில் போக்குவரத்தைக் காத்தல், சூழலியல் பட்டாலியன்களின் மரம் நடும் பணி போன்ற துப்பாக்கிச் சத்தமில்லாத சேவைகளுக்கான அங்கீகாரம் பல நேரங்களில் இந்த வடிவத்திலேயே வருகிறது.

போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுதல் என்ற அங்கீகாரம் இதிலிருந்து வேறுபட்டது. அதற்கும் தனிப் பதக்கம் கிடையாது. உரிய போர்ப் பதக்கத்தின் ரிப்பன் மீது சிறிய தாமரை இலைச் சின்னம் ஒன்று பொருத்தப்படும். ரிப்பனில் அப்படி ஒரு சின்ன இலையைக் கண்டால், அது அலங்காரத்துக்காக ஒட்டியது என்று கழற்றிவிட வேண்டாம்.

தோனிக்குக் கிடைத்த லெஃப்டினன்ட் கர்னல் பதவி விருதா?

அது கௌரவப் பதவி, பதக்கம் அல்ல. 2011-இல் அவருக்கு அந்தப் பதவி வழங்கப்பட்டது. பெங்களூரைத் தளமாகக் கொண்ட 106-ஆவது பிராந்திய ராணுவப் பாராசூட் பட்டாலியனோடு அவர் இணைக்கப்பட்டார். 2015-இல் ஆக்ராவில் குதிப்புப் பயிற்சி முடித்துப் பெற்ற பாராசூட் சிறகுச் சின்னமும் தகுதிச் சின்னமே. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய தகுதிச் சின்னங்கள், தொப்பிச் சின்னங்கள், தோள்பட்டை எழுத்துகள் பதக்கங்களோடு கலந்து கிடக்கலாம். அவற்றைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் பதக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேனா பதக்கம் இருந்தால் மாதப் பணம் உண்டா?

இதில்தான் அதிகக் குழப்பம். 1960-இல் ஏற்படுத்தப்பட்ட சேனா பதக்கம் வீரச் செயலுக்காகவும் வழங்கப்படும், சிறப்பான கடமைக்காகவும் வழங்கப்படும். மாதந்தோறும் தரப்படும் படித்தொகை, வீரச் செயலுக்காகப் பெற்றவர்களுக்கு மட்டுமே. பதக்கத்தைப் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. இந்திய அரசிதழில் வெளியான அறிவிப்பையோ விருதுக் குறிப்பையோ பார்த்தே சொல்ல முடியும். ஆகையால் பதக்கத்தோடு வந்த தாளைத் தேடி எடுங்கள்.

2017-இல் இருமடங்காக உயர்த்தப்பட்டபடி, பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரச் செயலுக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 என்று மத்திய அரசின் படித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. இதற்கு மேல் மாநில அரசுகள் தனியாக ரொக்கம் வழங்குகின்றன. தொகையும் நிபந்தனையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெங்களூருத் தமிழர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. படையில் சேர்ந்தபோது சொந்த ஊர் என்று வேலூரையோ தர்மபுரியையோ எழுதியிருப்பார்கள், வாழ்ந்ததெல்லாம் பெங்களூரில் இருக்கும். எந்த மாநிலத்தின் குடியிருப்பாளர் என்பதை ஆவணங்களோடு நிறுவினால்தான் எந்த அரசிடம் கேட்பது என்று தெளிவாகும். இரண்டு இடங்களிலும் விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று நினைப்பது நேர்மையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

சிறப்பான சேவைக்காக வழங்கப்படும் விசிஷ்ட சேவா பதக்க வரிசைக்கும் பணிப் பதக்கங்களுக்கும் மாதப் படித்தொகை கிடையாது.

வீரப் பதக்கம் பெற்ற பிராந்திய ராணுவ வீரர் முன்னாள் படைவீரராகக் கருதப்படுவாரா?

ஆம், இதைப் பலர் அறியாமலே விட்டுவிடுகிறார்கள். பிராந்திய ராணுவத்தில் இருந்த எல்லோரும் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. தொடர்ச்சியான எம்பாடிமென்ட் பணிக்காக ஓய்வூதியம் பெறுபவர்கள், ராணுவப் பணியால் உடல் ஊனமுற்றவர்கள், வீர விருது பெற்றவர்கள் ஆகிய மூன்று வகையினர் வருகிறார்கள். அதாவது, ஓய்வூதியத்துக்குத் தேவையான பணிக்காலத்தை எட்டாத ஒருவரும், வீர விருது ஒன்று பெற்றிருந்தால், வேலைவாய்ப்பு ஒதுக்கீடு முதலிய முன்னாள் படைவீரர் சலுகைகளைக் கோர வழி பிறக்கிறது. ஊனம் தொடர்பான பிரிவும் அதே அளவு முக்கியமானது. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயமடைந்தவர்களுக்குப் பராக்ரம் பதக்கம் என்ற காயப் பதக்கம் வழங்கப்படுகிறது (மேலே சொன்ன ஆபரேஷன் பராக்ரம் பதக்கம் வேறு). அந்தப் பதக்கம் வீட்டில் இருந்தால், மருத்துவக் குழுவின் அறிக்கையும் எங்காவது இருக்க வேண்டும். அதைத் தேடுங்கள்.

உரிய பதக்கம் வழங்கப்படவே இல்லை என்று தெரிகிறது. இப்போது கேட்க முடியுமா?

கேட்கலாம். வீரர் உயிரோடு இருந்தால் அவரே எழுதுவது நல்லது. இல்லையெனில் மனைவியோ சட்டப்படியான வாரிசோ எழுதலாம். கடிதம் போக வேண்டிய இடம் அவருடைய பதிவேட்டு அலுவலகம். பிராந்திய ராணுவப் பட்டாலியன் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நிரந்தர ரெஜிமென்ட்டோடு இணைந்தது. அந்த ரெஜிமென்ட்டின் பதிவேட்டு அலுவலகமே பொதுவாக ஆவணங்களை வைத்திருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு இணைந்தவையானால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களுக்கும் பாராசூட் ரெஜிமென்ட்டோடு இணைந்தவர்களுக்கும் பெங்களூரு. எங்கே எழுதுவது என்று தெரியாதபோது முன்னாள் படைவீரர்களின் நலனைக் கவனிக்கும் மாவட்ட சைனிக நல அலுவலகத்தை அணுகினால் வழி சொல்வார்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இவருக்குத் தகுதியான பதக்கங்கள் எவை, அவற்றில் எவை வழங்கப்பட்டன, எவை வழங்கப்படவில்லை என்பதைப் பதிவேட்டின்படி தெரிவியுங்கள். ராணுவத்தில் ஒருவரின் இடமாற்றம், விடுப்பு, திருமணம், பதக்கத் தகுதி எல்லாமே பார்ட் டூ ஆர்டர் எனப்படும் ஆணையில் பதியப்படும். அந்த ஆணையில் பதக்கத் தகுதி ஏறியிருந்தால் கோரிக்கை எளிது. ஏறவில்லையென்றால், அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் அவர் இருந்தார் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். பதில் தர 30 நாள் காலவரம்பு உண்டு.

தமிழ்க் குடும்பங்களின் கோரிக்கைகள் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பெயர்தான். படையில் சேரும்போது “கே. முனுசாமி” என்று சொன்னவரின் முதலெழுத்தை எழுத்தர் ஒருவர் விரித்து, தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக்கியிருப்பார். வேறொருவர் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்திருப்பார். பின்னாளில் ரேஷன் அட்டையில் கன்னட உச்சரிப்புப்படி ஒரு எழுத்து மாறியிருக்கும். ஆதாரில் முதலெழுத்து பின்னால் போயிருக்கும். மனைவியின் பெயர் செல்வி என்று ஒன்றிலும் தமிழ்ச்செல்வி என்று இன்னொன்றிலும் இருக்கும். இவை எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நமக்குத் தெரியும். கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே, எல்லா ஆவணங்களிலும் உள்ள பெயர் வடிவங்களை வரிசையாக எழுதி, இவை அனைத்தும் ஒரே நபரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் முடித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள், வீட்டில் வழங்கும்படி அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாகப் பணி எண்ணை முதல் வரியில் போடுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது.

காத்திருக்க நேரிடும் என்பதை மறைப்பதில் பயனில்லை. அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் அஞ்சல் ரசீதையும் ஒரே கோப்பில் வையுங்கள். எவரிடமும், எந்த அலுவலகத்திலும், அசல் ஆவணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பதக்கம் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

காவல் நிலையத்தில் புகார் அளித்து, ஒப்புகை நகலுடன் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். கடையில் நகல் வாங்கி அசல் என்று வைத்துக்கொள்வது பின்னர் வாரிசுகளுக்குக் குழப்பத்தையே தரும். நகல் வாங்கினாலும் பெட்டியில் அது நகல் என்று எழுதி வையுங்கள்.

அப்பாவின் பதக்கங்களை நான் அணியலாமா?

தாமே பெற்ற பதக்கங்களை வீரர் இடது மார்பில் அணிவார். மறைந்த வீரரின் நெருங்கிய உறவினர், போர் நினைவிடங்களில் நடக்கும் அஞ்சலி போன்ற நிகழ்ச்சிகளில் அவற்றை வலது மார்பில் அணிந்துகொள்ள ராணுவம் அனுமதிக்கிறது. ராஜ்பவன் சாலைக்கு அருகில் உள்ள தேசிய ராணுவ நினைவகத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போகும் குடும்பத்தினர் இதைத் தயக்கமின்றிச் செய்யலாம். சேலையில் அணிவதானால் தனித்தனியாகக் குத்தாமல், ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்து வாங்கி அணிந்தால் துணியும் கிழியாது, வரிசையும் கலையாது. திருமணம், பிறந்தநாள் போன்ற விழாக்களில் அணிவது தகாது. படைவீரர் என்று பிறரை நம்பவைப்பதற்காகச் சீருடையோ சின்னமோ அணிவது சட்டப்படி குற்றம்.

பெயருக்குப் பின்னால் விருதின் சுருக்கெழுத்தைப் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தபோதும் ராணுவச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் விலக்கு அளித்தது. ஆகவே வீர விருது பெற்றவர் போட்டுக்கொள்ளலாம். வாரிசுகளுக்கு அந்த உரிமை வராது.

நான்கு பிள்ளைகள் இருக்கிறோம். பதக்கங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாமா?

சட்டம் தடுக்கவில்லை என்றாலும், தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒரு வீரரின் பதக்கங்கள் வரிசையாகச் சேர்ந்திருக்கும்போதுதான் அவர் எங்கே தொடங்கி எங்கெல்லாம் போனார் என்று தெரியும். சைன்ய சேவா பதக்கம் மூத்தவர் வீட்டிலும், டெரிடோரியல் ஆர்மி மெடல் சென்னையில் இருக்கும் தங்கையிடமும், பாராட்டு அட்டை ஓசூரிலும் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு அவை தொடர்பற்ற உலோகத் துண்டுகளும் காகிதமும்தான். ஒருவர் அசலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் புகைப்படமும் ஆவண நகல்களும் எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. பணிவிடுப்புப் புத்தகம் எப்போதும் பதக்கங்களோடே இருக்கட்டும்.

பித்தளைக்குப் போடும் பாலிஷை இவற்றின் மீது தேய்க்காதீர்கள். பெரும்பாலான பணிப் பதக்கங்கள் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் ஆனவை. தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள பெயரும் எண்ணும் மழுங்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பெங்களூரின் மழைக்கால ஈரம் ரிப்பனைத்தான் முதலில் தாக்கும் என்பதால், ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைப்பது நல்லது.

வைத்துக்கொள்ள ஆளில்லாத நிலை வந்தால், பழம்பொருள் வியாபாரியைத் தேடிப் போகும் முன் உரிய ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. கொடுக்கும்போது பதக்கத்தோடு ஒரு தாளில் அவருடைய எண், பிரிவு, ஊர், பார்த்த வேலை, அழைக்கப்பட்ட ஆண்டுகள் ஆகியவற்றை எழுதி இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.